நீலகிரி ஈரத்துக்கு எந்தக் கடைசிக் கல்? சவரக்கத்திக்கான இயற்கைக் கற்கள், ஒரு மதிப்பீடு

மடக்குச் சவரக்கத்தியைத் தாங்களே தீட்டிக்கொள்பவர்களுக்கு, கல்லின் நுண்மையைச் சொல்லும் எண் 8000 வரை பெரிய குழப்பம் இல்லை. 1000, அப்புறம் 3000 அல்லது 5000, அதற்கு மேல் 8000 என்று நானிவா, ஷாப்டன் போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் செயற்கைக் கற்களை எண் பார்த்து வாங்கிவிடலாம். ஒரே நிறுவனத்தின் ஒரே வகையில், ஒரே எண்ணில் இரண்டு கல் வாங்கினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வெட்டும். அதற்கு மேல் வைக்கிற கடைசிக் கல்லை இயற்கைக் கல்லாகத் தேடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பூமியிலிருந்து வெட்டியெடுத்த கல்லுக்கு எண் கிடையாது. விற்பவர் 12000 என்று போட்டிருந்தால் அது அவருடைய கணிப்பு, அவ்வளவுதான். ஒரே குவாரியில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்த இரண்டு துண்டுகள்கூட வேறுவேறு வேகத்தில் வெட்டும்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் இருப்பவர்களுக்கு இதோடு ஈரமும் கணக்கில் சேர்கிறது. சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊட்டியில் ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் துணியே காயாது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழையும் மூடுபனியும் அதே வேலையைச் செய்யும். சவரக்கத்திகளில் பெரும்பாலானவை கார்பன் எஃகு. தீட்டி முடித்த விளிம்பின் நுனி ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன்தான். கத்தியின் உடம்பில் துரு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே நுனி அரிக்கத் தொடங்கிவிடும். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, தோல்வாரில் எத்தனை முறை இழுத்தாலும் கூர் திரும்பாது, தாடையில் வைத்தால் இழுக்கும். கீழே கோவையில் மாதக்கணக்கில் வாரிலேயே ஓடுகிற கத்தி, இங்கே ஆடி மாதத்தில் சில வாரங்களிலேயே கல்லைக் கேட்கும்.

அதனால் எங்கள் மதிப்பீட்டில் முதல் கேள்வி, எந்தக் கல் உச்சபட்சக் கூர்மை தரும் என்பதல்ல. நுனியில் லேசாக அரிப்பு விழுந்த கத்தியை, 8000 கல்லை வெளியே எடுக்காமல், எந்தக் கல் ஒன்றே மீட்டுத் தரும் என்பதுதான். இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் கற்களின் வரிசையே மாறிவிடுகிறது.

முதல் இடம் பெல்ஜியத்தின் மஞ்சள் கல்லான கோட்டிக்யூலுக்கு. ஆர்டென் மலைப்பகுதியில், வீல்சால்ம் ஊரைச் சுற்றிய மெல்லிய பாறை அடுக்குகளிலிருந்து கிடைப்பது. இன்றும் அங்கே வெட்டி விற்கிறார்கள். வெண்ணெய் நிறத்தில் இருக்கும் இந்தக் கல்லின் கன அளவில் ஏறக்குறைய 30 முதல் 40 சதவீதம் கார்னெட் மணிகள். நம் தென்கடற்கரைச் செய்திகளில் அடிபடும் கார்னெட் மணலின் இனமேதான், ஆனால் இங்கே ஒவ்வொரு மணியும் ஏறக்குறைய 5 முதல் 15 மைக்ரான். மென்மையான அபிரகப் பிணைப்பில் பொதிந்திருக்கும். மணியின் வடிவம் பன்னிரண்டு முகம் கொண்டது. முகங்கள் விரிந்த கோணத்தில் சந்திப்பதால் எஃகில் ஆழமாகக் கிழிக்காமல் ஆழமில்லாத பள்ளம்தான் போடும். மணியின் அளவைப் பார்த்தால் மோசமான கல் என்று தோன்றும் இது, சவரத்துக்கு இவ்வளவு மிருதுவான விளிம்பைத் தருவதற்குக் காரணம் இந்த வடிவம்தான்.

கோட்டிக்யூலின் பெரிய பலம், ஒரே கல் இரண்டு மூன்று கல்லின் வேலையைச் செய்வது. மேலே சில துளி தண்ணீர் விட்டு, அதே இனத்துச் சிறு துண்டால் தேய்த்தால் பால் போலக் குழம்பு கிளம்பும். விடுபட்ட கார்னெட் மணிகள் அதில் உருண்டு வேகமாக வெட்டும். தண்ணீர் சேர்த்து நீர்க்க வைக்க வைக்க வேகம் குறைந்து மெருகு கூடும். வெறும் தண்ணீரில் அது முழுக்கக் கடைசிக் கல். மழைக்காலத்தில் அரித்த நுனியைச் சரிசெய்ய இதுதான் தேவை. குழம்பில் தொடங்கினால் அரித்த பகுதி தேய்ந்து போகும், அப்படியே தண்ணீர் சேர்த்து நீர்க்கடித்துக்கொண்டு (நீர்க்கச் செய்துகொண்டு) போனால் அதே இடத்தில் முடித்துவிடலாம்.

செய்முறையில் பெரும்பாலானோர் தடுமாறுவது நீர்க்கடிப்பதில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். ஆடை நீக்கிய பால் அளவுக்குக் குழம்பு இருந்தால் போதும், கெட்டியாக வேண்டாம். கத்தியின் முதுகும் விளிம்பும் இரண்டும் கல்லில் படும்படி படுக்கவைத்து, கத்தியின் எடைக்கு மேல் விரல் எடை மட்டும் கொடுத்து, 20 முதல் 30 சுற்று போய்வாருங்கள். பிறகு விரல் நுனியால் இரண்டே துளி தண்ணீர். மறுபடி 15, 20 சுற்று. மறுபடி இரண்டு துளி. இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை நீர்க்கடித்தபின் கல்லின் மேல் தண்ணீர் ஏறக்குறையத் தெளிந்திருக்கும். அப்போது கல்லையும் கத்தியையும் கழுவிவிட்டு, புதுத் தண்ணீரில், கத்தியின் எடை மட்டும் படும்படி 50 சுற்று.

இதில் கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, அவசரப்பட்டு ஒரேயடியாகத் தண்ணீரை ஊற்றுவது. குழம்பில் போகும்போது நுனி எதிரே வருகிற மணிகளில் மோதிக்கொண்டேதான் போகிறது. அதனால் குழம்பு இருக்கும்வரை கூர்மை ஓர் எல்லையைத் தாண்டாது. நுனி கொஞ்சம் மொண்ணையாகவே இருக்கும். படிப்படியாக மணிகளைக் குறைத்தால் அந்த எல்லை படிப்படியாக உயரும். ஒரே தாவாகத் தெளிந்த தண்ணீருக்குப் போனால், மெதுவாக வெட்டுகிற அந்த நிலையில் மொண்ணையை எடுக்க நூற்றுக்கணக்கான சுற்று போக வேண்டியிருக்கும். இரண்டாவது, அழுத்தம். கோட்டிக்யூலில் அழுத்தினால் தண்ணீரிலேயே குழம்பு தானாகக் கிளம்பும் துண்டுகள் உண்டு. கடைசி 50 சுற்றில் தண்ணீர் மங்கினால் கை அழுத்துகிறது என்று பொருள். கழுவிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

தண்ணீரின் தரமும் இதில் கூடவே வருகிறது. சமவெளியின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எஃகில் வெள்ளைப் புள்ளி விட்டுப் போகும். உப்பு குறைந்த மலைத் தண்ணீரில் அந்தத் தொல்லை பெரிதாக இல்லை. பிடித்துவைத்த மழைத் தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது.

வாங்கும்போது ஸ்டாண்டர்ட், செலக்ட் என்று இரண்டு தரம் போடுவார்கள். வித்தியாசம் பெரும்பாலும் தோற்றத்தில்தான்: கோடு, கறை, நிறக்கலப்பு. வெட்டும் திறனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஸ்டாண்டர்டே போதும். சதுர விளிம்பில்லாத ஒழுங்கற்ற துண்டுகளை 'பூ' (bout) என்ற பிரெஞ்சுப் பெயரில் விலை குறைத்துத் தருவார்கள். சவரக்கத்திக்கு அது தாராளம், கைக்குள் பிடித்துத் தீட்டவும் வசதி. அளவு 150க்கு 40 மில்லிமீட்டர் இருந்தால் போதும். பழைய கத்திகளில் பாதி நேராக இருக்காது. 75 மில்லிமீட்டர் அகலக் கல்லில் வளைந்த கத்தியின் நடுப்பகுதியோ முனையோ தொடாமலேயே போகும். 40 மில்லிமீட்டர் கல்லில் கத்தியைக் குறுக்கே நகர்த்தி, மணிக்கட்டை லேசாகச் சாய்த்து எல்லா இடத்தையும் தொட்டுவிடலாம். கூடவே வருகிற நீலநிறப் பெல்ஜியக் கல்லை மஞ்சள் கல்லுக்குப் பதிலாக வாங்க வேண்டாம். அதிலும் கார்னெட்தான், ஆனால் குறைவு. கடைசிக் கல்லாக மஞ்சளின் மெருகு அதில் வராது.

அடுத்தது அமெரிக்காவின் ஆர்க்கன்சா கல். ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரைச் சுற்றியுள்ள வஷிட்டா மலைகளில் கிடைக்கும் நோவாகுலைட் என்ற பாறை. ஏறக்குறைய முழுக்க நுண்படிகக் குவார்ட்ஸ். சாஃப்ட், ஹார்ட் என்று பல தரம் இருந்தாலும் சவரக்கத்திக்குப் பயன்படுவது இரண்டுதான்: ஒளி ஊடுருவும் டிரான்ஸ்லூசன்ட், கறுப்பு ஹார்ட். இரண்டும் ஒரே அடர்த்திக் குடும்பம். நிறத்துக்கு அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

இந்தக் கல்லில் ஒரு வசதி உண்டு. வாங்கும் முன்பே தரத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுத்தக் குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65. நுண்துளை அதிகமாக இருந்தால் எடை குறையும், கல்லும் கரடாக வெட்டும். நல்ல கடைசிக் கல் 2.5க்கு மேல் இருக்க வேண்டும். விற்பவரிடம் நீளம், அகலம், கனம், எடை நான்கையும் கேளுங்கள். 200க்கு 50க்கு 12 மில்லிமீட்டர் கல் என்றால் 120 கன சென்டிமீட்டர். எடை 300 கிராமுக்குக் கீழே வந்தால் அது 2.5ஐத் தொடவில்லை, பேரமே வேண்டாம். 310 கிராம் பக்கம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கடை என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் தராசு பொய் சொல்லாது. அட்டைப்பெட்டியோடும் மரப்பெட்டியோடும் சேர்த்து எடை சொல்பவர்களும் உண்டு, கல்லை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆர்க்கன்சாவில் குழம்பு கிடையாது. மணிகள் உதிராது. கல்லின் மேற்பரப்பை நாம் எப்படித் தயார் செய்கிறோமோ அப்படித்தான் வெட்டும். ரம்பத்தில் அறுத்தபடியே வருகிற புதுக்கல் 8000ஐ விடக் கரடாகக் கீறும். அதை வைத்து இந்தக் கல்லே மோசம் என்று ஒதுக்கியவர்கள் நிறைய. கண்ணாடித் தகட்டின் மேல் கார்போரண்டம் பவுடர் தூவி, தண்ணீர் விட்டு, 120, 220, 400, 600 என்ற வரிசையில் தேய்க்க வேண்டும். குவார்ட்ஸ் கடினம் என்பதால் வாட்டர் பேப்பரில் இது முடியாது, தாள்தான் தேயும். ஒரு பக்கத்தை 220லேயே விட்டுவிடுவது நல்ல யோசனை, அது கொஞ்சம் வேகமாக வெட்டும். மறுபக்கத்தை 600 வரை கொண்டுபோய், பிறகு பழைய உளி ஒன்றின் தட்டைப் பக்கத்தை வைத்து எண்ணெயோடு கால் மணி நேரம் அழுத்தித் தேய்த்தால் கடைசிப் பக்கம் தயார். ஒருமுறை செய்துவிட்டால் வீட்டில் ஒருவர் சவரத்துக்கு அது ஆயுளுக்கும் தட்டையாக நிற்கும்.

விளிம்பு எப்படி? கோட்டிக்யூலை விடப் பளிச்சென்று வெட்டும். முடி கெட்டியாக உள்ளவர்கள் வித்தியாசத்தை முதல் இழுப்பிலேயே உணர்வார்கள். ஆனால் மெதுவான கல். 8000 முடித்த கத்தியை இதில் 100 முதல் 200 சுற்று வரை, கைப்பாரமே இல்லாமல் கொண்டுபோக வேண்டும். அரிப்பு விழுந்த நுனியை இதில் மீட்க முடியாது. அரித்த குழியின் ஆழத்துக்கு எஃகை எடுக்க இந்தக் கல்லுக்குத் தெம்பு இல்லை. குழியின் ஓரத்தை மெருகேற்றி விட்டுவிடும், லூப்பில் (சிறு உருப்பெருக்கியில்) பார்த்தால் விளிம்பையொட்டிப் பளபளக்கிற சரிவும் நுனியில் சின்னச் சின்னப் பொக்கையும் தெரியும். திரும்ப 8000க்குத்தான் போக வேண்டும். இந்த ஒரே காரணத்தால்தான் மலைக்கு இதை இரண்டாவது இடத்தில் வைக்கிறோம். தினமும் சவரம் செய்து, தினமும் எண்ணெய் தொட்டு வைப்பவருக்கு நுனி அரிக்கவே இடம் இருக்காது. அவருக்கு ஆர்க்கன்சாதான் முதல் கல்.

எண்ணெய் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், மலையில் நடக்கும் தவறுகளில் பாதி அதில்தான். தையல் மிஷின் எண்ணெய்தான் சரி. அது மெல்லிய கனிம எண்ணெய், ஊட்டிக் குளிரிலும் ஓடும், காய்ந்து பிசினாகாது. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். இங்கே பெரும்பாலான நாள் பாட்டிலிலேயே கட்டியாகத்தான் இருக்கும். அதைக் கல்லில் தடவினால் மெழுகு பூசியது போல ஒட்டி, கத்தி கல்லைத் தொடாமல் வழுக்கும். நல்லெண்ணெய் நாளாவட்டத்தில் பிசுபிசுத்து நுண்துளைகளை அடைத்துவிடும். ஏற்கெனவே அப்படி அடைத்துப்போன பழைய கல் கையில் இருந்தால், ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கிற யூகலிப்டஸ் தைலம் நல்ல மருந்து. துணியில் நனைத்துத் துடைத்து, ஊறவிட்டு, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து சோப்புத் தண்ணீரில் கழுவினால் பிசின் விட்டுப் போகும். ஆனால் தீட்டுவதற்குத் தைலத்தை ஊற்றாதீர்கள். வேகமாக ஆவியாகிவிடும், கத்தி மேல் காப்பும் நிற்காது. எண்ணெய் பிடிக்காதவர்கள் ஆர்க்கன்சாவைச் சோப்பு கலந்த தண்ணீரிலும் பயன்படுத்தலாம். ஒருமுறை எண்ணெய் குடித்த கல்லைத் தண்ணீருக்கு மாற்றுவதுதான் சிரமம், எனவே முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

விலை குறைவாக ஒரு இயற்கைக் கல் வேண்டும் என்றால் சீனாவின் குவாங்ஷி கல். 12000 என்ற எண்ணோடு விற்கப்படுவது பெரும்பாலும் இதுதான். சாம்பலும் கருமையும் கலந்த நிறம், கனமான பாளம், கெட்டியான கல். இதைத் தூற்றுபவர்கள் உண்டு, நாங்கள் அந்தக் கட்சி இல்லை. நன்றாகத் தட்டையாக்கி, பொறுமையோடு தண்ணீரில் 150 சுற்று போனால் 8000 விளிம்பை விட நிச்சயம் மேலான விளிம்பு வரும். ஆனால் மெதுவென்றால் அப்படி மெது. அவசரப்பட்டுக் குழம்பு கிளப்பினால் வேகம் கூடும், கடைசியில் அதைக் கழுவிவிட்டு வெறும் தண்ணீரில் அதே அளவு சுற்று போகாவிட்டால் விளிம்பு முரடாகவே நிற்கும். கல்லுக்குக் கல் தரமும் நிறைய மாறுகிறது. சிலவற்றில் கடினமான துணுக்குகள் பொதிந்திருக்கும். 30 மடங்கு லூப்பில் சரிவைப் பார்க்கும்போது மற்ற கீறல்களுக்கு நடுவே ஒரே ஒரு ஆழமான கோடு திரும்பத் திரும்ப விழுந்தால் அதுதான். ஊசி முனையால் கல்லில் அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சுரண்டிக் குழியாக்கிவிடலாம். குழி கெடுதல் செய்யாது, துருத்தி நிற்கும் துணுக்குதான் செய்யும்.

ஜெர்மனியின் துரிங்கியக் கல்லைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். சோனபெர்க் ஊரின் எஷர் நிறுவனம் பெட்டியில் போட்டு லேபிள் ஒட்டி விற்ற மெல்லிய பலகைக்கல் (ஸ்லேட்). மஞ்சள் பச்சை, வெளிர் பச்சை, கருநீலம் என்று வகை. விளிம்பு மிருதுவும் கூர்மையும் சேர்ந்தது, இந்தப் பட்டியலிலேயே மிகச் சிறந்தது என்று சொல்லத் தயங்க மாட்டோம். அந்தக் குவாரிகளில் வேலை நின்று நெடுங்காலமாகிறது, கிடைப்பதெல்லாம் பழைய கல், சேகரிப்பாளர் விலை. லேபிள் இல்லாத கறுப்புப் பலகைக்கல்லை எஷர் என்று சொல்லி விற்பதும் சகஜம். லேபிளோ, நம்பகமான கைமாற்ற வரலாறோ இல்லாமல் அந்த விலை கொடுக்காதீர்கள்.

கியோட்டோ மலைகளின் ஜப்பானியக் கற்கள், அதாவது நகயாமா, ஓசுகு, ஷோபுதானி போன்ற சுரங்கங்களிலிருந்து வந்த அவாசெதோ (கடைசிக் கல்) வகை, தனி உலகம். சவரக்கத்திக்குக் கெட்டியான கல்தான் வேண்டும். அதன் மேல் மிகாவா நாகுரா என்ற சிறு தேய்ப்புக் கற்களால் போதான், தென்ஜோ, மெஜிரோ, கோமா என்று வரிசையாகக் குழம்பு கிளப்பி, கடைசியில் அதே இனத்து தோமோநாகுராவில் முடிப்பார்கள். கோட்டிக்யூலில் நீர்க்கடிப்பதால் கிடைப்பது இதில் நாகுரா மாற்றுவதால் கிடைக்கிறது, அதைவிட நுட்பமாகவே. ஆனால் தேர்வு செய்ய அனுபவமுள்ள கை பக்கத்தில் வேண்டும். முத்திரையை நம்பி வாங்க முடியாது, பழைய சுரங்க முத்திரையைப் புதுக் கல்லில் குத்துவதும் நடக்கிறது. இங்கே இன்னொரு ஆபத்தும் உண்டு. இவை அடுக்கடுக்காகப் படிந்த பாறை. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழும் இரவில் ஈரக் கல்லை வெளி வாசலிலோ குளியலறை ஜன்னல் திட்டிலோ விட்டால், உள்ளே புகுந்த நீர் உறைந்து விரிந்து அடுக்கைப் பிளந்துவிடும். பக்கங்களிலும் அடியிலும் வார்னிஷ் மூன்று பூச்சு கொடுத்து, தீட்டும் முகத்தை மட்டும் திறந்து வைத்தால் தண்ணீர் உள்ளே புகுவது குறையும். பனிக்காலத்தில் வீட்டுக்குள், கணப்படுப்புக்குத் தூரமாக, நிழலில் காயவையுங்கள். பலகைக்கல்லில் ஒட்டிய கோட்டிக்யூலுக்கும் கணப்பு ஆகாது. திடீர்ச் சூட்டில் பசை விடும்.

நம் மலைக் கல்லையே பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் நிறைய. நீலகிரியும் பழநி மலையும் பெரும்பாலும் சார்னோகைட் பாறை. சென்னைப் பரங்கிமலையில் இருப்பதும் அதே இனம்தான். அதில் கார்னெட்கூட உண்டு, சாலைக்கு வெட்டிய பாறைச் சரிவில் செம்புள்ளியாகத் தெரியும். ஆனால் பூமிக்கடியில் கடும் சூட்டில் உருவான பாறை என்பதால் படிகங்கள் மில்லிமீட்டர் கணக்கில் பெருத்தவை. குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் வேறுவேறு கடினம். சவரக்கத்தியை அதில் வைத்தால் விளிம்பு உடையும், வேறொன்றும் நடக்காது. அதே கல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. சமையல் மேடைக்கு அறுத்து மெருகேற்றிய கிரானைட்டில் மிஞ்சும் ஓரத்துண்டு, ஒரு அடிக்கு ஒரு அடி கிடைத்தால், கோட்டிக்யூலையும் குவாங்ஷியையும் தட்டையாக்க அருமையான மேடை. வாங்குமுன் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்து, ஸ்கேலுக்கடியில் வெளிச்சம் கசிகிறதா என்று நான்கு திசையிலும் பாருங்கள்.

தட்டையாக்குவது எளிது. கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, கிரானைட் மேல் 220 வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டி, எட்டு வடிவில் தேய்த்தால் உயர்ந்த இடத்துக் கோடு முதலில் அழியும். எல்லாக் கோடும் அழிந்தபின் 400, 600, 1000. ஓரங்களை 45 டிகிரி சாய்வில் இரண்டு மில்லிமீட்டர் மழுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் குறுக்கே நகரும் கத்தியின் நுனியை அந்தக் கூர்விளிம்பு கொத்தும்.

எந்தக் கல்லானாலும் அதற்கு முந்தைய வேலை சரியாக இருந்தால்தான் பலன். சவரக்கத்தியில் கோணத்தைத் தீர்மானிப்பது முதுகுதான்: முதுகு 5 மில்லிமீட்டர், முதுகிலிருந்து விளிம்பு வரை 17.5 மில்லிமீட்டர் என்றால் கோணம் சுமார் 16.4 டிகிரி. முதுகில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினால் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும். 1000இல் டேப்போடு சரிவு போட்டுவிட்டு, கடைசிக் கல்லில் டேப்பை எடுத்துவிட்டால் கல் சரிவின் தோளைத்தான் தொடும், நுனியைத் தொடவே தொடாது. நல்ல கல் வாங்கியும் ஒன்றும் ஆகவில்லை என்ற புகாரில் பெரும்பகுதி இதனால் வருவது. சரிவில் கறுப்பு மார்க்கர் பூசி, நான்கு சுற்று போய் லூப்பில் பாருங்கள். மை நுனி வரை அழிந்திருந்தால் சரி, நுனியோரம் கறுப்புக் கோடு மிச்சமிருந்தால் திரும்பப் போக வேண்டும்.

கல் தன் வேலையை முடித்ததைக் கையே சொல்லும். சரிவு முழுதும் சமமாக மெருகேறியதும் கத்தி கல்லில் உறிஞ்சி ஒட்டுவது போல இழுக்கும். விளிம்புக்கு முன்னால் தண்ணீர் மெல்லிய அலையாக ஓடி, மேலேறிச் சரிவில் படரும். அதற்குப் பிறகு பருத்தி வாரில் 25, தோல்வாரில் 50 இழுப்பு. முடியைத் தொங்கவிட்டு வெட்டிப் பார்க்கும் சோதனையை ஒரே முடியில் ஒப்பிட்டால் மட்டும் நம்புங்கள். ஈரமான நாளில் முடி தளர்ந்து வேறு மாதிரி நடந்துகொள்ளும். தீர்ப்பு முகத்தில்தான். தை மாதக் குளிரில் தோல் வறண்டு வெடித்திருக்கும் நாளில் கோட்டிக்யூல் விளிம்பு எரிச்சல் இல்லாமல் கடந்துபோவதை ஆர்க்கன்சா விளிம்போடு ஒப்பிட்டால் எளிதில் உணரலாம். ஆர்க்கன்சாவில் அதிகச் சுற்று போய்க் கூர்மையை மேலும் ஏற்றினால் எரிச்சல் கூடத்தான் செய்யும்.

வாங்க நினைப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை இப்படி. ஒரு கத்தி, வாரம் இரண்டு மூன்று சவரம், மழைக்காலத்தில் கத்தி சில நாள் சும்மா கிடக்கும் என்றால் 150க்கு 40 ஸ்டாண்டர்ட் கோட்டிக்யூல், அல்லது அதே அளவு பூ. தினசரிச் சவரக்காரர், கெட்டி முடி, எண்ணெயைப் பற்றிக் கவலையில்லை என்றால் 2.5 தாண்டிய கறுப்பு ஆர்க்கன்சா. இது ஒத்துவருமா என்றே தெரியாமல் முதல்முறை முயல்பவர் குவாங்ஷியோடு தொடங்கலாம். பின்னால் கோட்டிக்யூல் வாங்கினாலும் அது வீணாகாது, வெறும் தண்ணீரில் முடிக்கப் பயன்படும்.

உள்ளூரில் கிடைக்கும் இரட்டை முகக் கார்போரண்டம் கல் அரிவாளுக்கும் சமையலறைக் கத்திக்கும் உள்ளது, சவரக்கத்தியை அதன் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். இயற்கைக் கல்லைத் தபாலில்தான் வாங்க வேண்டியிருக்கும். விற்பவரிடம் கல்லை நனைத்து எடுத்த படம் கேளுங்கள். காய்ந்த கல்லில் மறையும் மயிரிழை விரிசல் ஈரத்தில் கோடாகத் தெரியும். மெல்லிய பலகைக்கல்லாக இருந்தால் இரண்டு ஒட்டுப்பலகைக்கு நடுவே வைத்துக் கட்டச் சொல்லுங்கள். வந்ததும் உடனே தேய்த்துத் தட்டையாக்கிவிடாதீர்கள்; தேய்த்த கல்லைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். முதலில் அளந்து, எடை பார்த்து, நனைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். விரல் நகத்தால் தட்டினால் முழுக்கல் கணீரென்று ஒலிக்கும், உள்ளே விரிசல் இருந்தால் மொத்தையாகச் சத்தம் வரும். ஒட்டுக்கல்லாக இருந்தால் இந்தத் தட்டல் செல்லாது. பசைக்கோட்டில் மெல்லிய பிளேடு நுழைகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். இதெல்லாம் சரியாக இருந்தபின் 220 தாளை நனையுங்கள்.